சிட்னிக்கு வடக்கே இருக்கும் வைனரியின் (வைன் செய்யும் தோட்டத்தின்) கிளப்பில் கொழும்பிலிருந்து சேரலாமா?

நிலாமுற்றம் (வெள்ளவத்தை)

வணக்கம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விசயம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அக்கா குடும்பம் சிட்னியில், பெண்டில் ஹில்லில் இருக்கிறது. போன முறை போனபோது அத்தான் எங்களை வைன் தோட்டங்கள் நிறைந்த ஹன்டர் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொகோல்பின் பக்கம் ஒரு சிறிய குடும்பத் தோட்டத்தில் செமியோன் என்ற வெள்ளை வைனைச் சுவைக்கத் தந்தார்கள். முதலில் அந்த வருடத்தது, பிறகு பல வருடம் கிடந்தது. புதியதில் தேசிக்காய்ப் புளிப்பு. பழையதில் வாட்டிய பாணும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசம். இரண்டும் ஒரே தோட்டத்துப் பழம் என்று சொன்னபோது நம்பவே முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு வைன் மேல் உண்மையான ஆசை வந்துவிட்டது.

அங்கேயே கிளப்பில் சேரச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இப்போது மின்னஞ்சலில் திரும்பக் கேட்கிறார்கள். நிபந்தனைகள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6 போத்தல். போத்தல் சராசரி 30 டொலர், அதில் 15 சதவீதம் கழிவு. தபால் செலவு ஒவ்வொரு முறையும் 15 டொலர். முதல் வருடம் நான்கு பெட்டியும் எடுத்தே ஆக வேண்டும். அங்கத்தவருக்குச் சுவைபார்ப்பு இலவசம், அறுவடைக் காலத்தில் ஒரு மதிய விருந்தும் உண்டு.

இலங்கைக்கு அனுப்ப மாட்டார்கள். அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்து, அங்கிருந்து வருகிறவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பிக்கலாம் என்பது என் யோசனை. சரிவருமா?

பற்றுவரவு (பம்பலப்பிட்டி)

தங்கச்சி, ஆசையைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் கணக்கு.

ஒரு பெட்டி 180 டொலர். கழிவு போக 153. வருடத்துக்கு நான்கு பெட்டி என்றால் 612. தபால் 60. மொத்தம் 672 அவுஸ்திரேலிய டொலர். டொலரை 200 ரூபாய் என்று பிடித்தாலும் ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்துக்கு மேல். உங்கள் கடனட்டையில் போனால் வங்கியும் தன் பங்குக்கு மேலதிகமாக எடுக்கும்.

கழிவில் மிச்சம் எவ்வளவு? பெட்டிக்கு 27, வருடத்துக்கு 108. அதில் தபாலுக்கு 60 போய்விடும். கையில் நிற்பது 48 டொலர், ஒன்றரைப் போத்தலின் விலை. அதற்காக 24 போத்தல் வாங்குவதாக ஒப்பந்தம்.

இன்னொன்று. நாங்கள் சம்பாதிப்பது ரூபாயில். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மதிப்பைச் சந்தைப்படி மிதக்க விட்ட பிறகு, 200 அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. அவுஸ்திரேலிய டொலரும் கூடவே ஏறியது. வெளிநாட்டு நாணயத்தில் ஒரு வருடத்துக்குக் கட்டுப்படுவது சின்ன விசயமில்லை. மருந்து, படிப்பு என்றால் வேறு கதை.

மேற்குச்சிட்னி

நான் டூங்கபியில் இருக்கிறேன், ஹன்டருக்கு அடிக்கடி போய்வருவேன். வைனரிக்காரர் ஏன் கிளப்பை இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதைச் சொன்னால் உங்களுக்கு முடிவெடுக்க உதவும்.

இங்கே போத்தல் வைன் வியாபாரத்தில் பெரும்பகுதி இரண்டு பெரிய கடைக் குழுமங்களின் கையில் இருக்கிறது. சிறிய தோட்டம் அவர்களுக்குக் கொடுத்தால் இலாபம் மிகக் குறைவு. கிளப்பில் விற்றால் இடையில் யாருமில்லை, எந்த மாதம் எவ்வளவு காசு வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும். சீனா 2021 மார்ச்சில் அவுஸ்திரேலியப் போத்தல் வைனுக்கு 218 சதவீதம் வரை வரி போட்டு, 2024 மார்ச்சில்தான் எடுத்தது. ஏற்றுமதிக்கென்று வைத்திருந்ததெல்லாம் உள்ளூரில் தேங்கி, விலை விழுந்தது. அந்த வருடங்களில் நிரந்தர வாடிக்கையாளர் இருந்த சிறிய தோட்டங்கள் பிழைத்துக்கொண்டன. ஆகவே அவர்கள் கேட்பதில் தவறில்லை, நல்ல மனிதர்கள்தான். அவர்களுடைய தேவை உங்களுடைய தேவையா என்பதுதான் கேள்வி.

உங்கள் அக்காவையும் யோசியுங்கள். மதுப் பெட்டி வந்தால் 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கையில் வாங்க வேண்டும். பகலில் வீட்டில் ஆளில்லாவிட்டால் பெரும்பாலும் தபால் நிலையத்துக்குப் போய்ச் சுமந்து வர வேண்டும். ஜனவரிப் பெட்டி எனக்குப் பயம். எங்கள் பக்கத்து வெயில் சாதாரணமானதல்ல. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை. அந்த வெக்கையில் வானுக்குள் கிடந்த வைனை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன். கோடைகாலப் பெட்டியைத் தள்ளிப்போட விடுவார்களா என்று கேளுங்கள், நல்ல இடங்கள் விடும்.

சமையல்கட்டு (தெஹிவளை)

நான் ஹோட்டல் ஒன்றின் உணவகப் பகுதியில் வேலை. வைன் பரிமாறுவதும் பாதுகாப்பதும் என் பொறுப்பு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வைனை நீண்ட காலம் வைக்க நல்ல வெப்பநிலை 12 முதல் 15 பாகை. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. கொழும்பு வீட்டில் ஏசி இல்லாத அறை பகலில் 30 பாகையை எட்டும். படுக்கையறையில் வைத்தால் இரவில் ஏசி, பகலில் வெக்கை. இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். வெப்பத்தில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும். கெட்டுப்போன போத்தலைக் கையில் எடுத்தால் தெரியும்: தக்கை வாயைவிட ஒரு நெல்லளவு உயர்ந்து நிற்கும், மேலே இருக்கும் உறை திருகினால் திரும்பாமல் ஒட்டியிருக்கும், லேபிள் ஓரத்தில் காய்ந்த சிவப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கும். திறந்து மணந்தால் பழ வாசம் போய், அடுப்பில் வைத்த ஜாம் வாசம் வரும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தத் தோட்டக்காரர் போத்தலில் அடைத்த வைன் அதுவல்ல.

அவுஸ்திரேலிய வெள்ளை வைன் பெரும்பாலும் திருகு மூடியில் வரும். தக்கைப் பிரச்சினை இல்லை, ஆனால் வெப்பம் உள்ளே வேலை செய்வதை மூடி தடுக்காது. சாதாரண பிரிட்ஜில் சில மாதங்கள் வைக்கலாம், தவறில்லை. ஆனால் மீனும் மரக்கறியும் அரைத்த தேங்காயும் இருக்கும் பிரிட்ஜில் எத்தனை போத்தலுக்கு இடம் இருக்கிறது? வைனுக்கென்று தனிக் குளிர்பெட்டி வாங்கினாலும் மின்சாரத்தை நம்பித்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

உங்களுக்குப் பிடித்த பழைய செமியோன் பற்றியும் ஒரு வார்த்தை. ஹன்டரில் அந்தப் பழத்தை மழைக்கு முந்தி, சீக்கிரமே பறித்துவிடுவார்கள். அதனால் மதுசாரம் 10, 11 சதவீதம்தான், புளிப்பு நிறைய. மரப் பீப்பாயிலும் போடுவதில்லை. அந்த வாட்டிய பாண் வாசம் முழுவதும் போத்தலுக்குள் வருடக்கணக்கில் அமைதியாகக் கிடந்து தானாக வருவது. கிளப்பில் உங்களுக்கு அனுப்பப்போவது பெரும்பாலும் அந்தந்த வருடத்துப் புதிய வைன். அதைப் பழையதாக்கும் வசதி எங்கள் ஊரில் வீட்டில் இல்லை. நீங்கள் ஆசைப்பட்டது ஒன்று, பெட்டியில் வரப்போவது வேறொன்று.

சாப்பாட்டோடு என்றால் நல்ல செய்தி. இளம் செமியோன் நண்டுக் கறிக்கும் இறால் பொரியலுக்கும் மிக நன்றாகப் போகும். எங்கள் உறைப்புக்குச் சிவப்பில் கவனம் வேண்டும். மதுசாரமும் துவர்ப்பும் கூடிய சிவப்பு வைன் மிளகாய் எரிவை இன்னும் ஏற்றிவிடும். கிளப்பில் 'கலவைப் பெட்டி' என்றால் பாதி சிவப்பாகத்தான் இருக்கும், அதையும் கேளுங்கள்.

நிலாமுற்றம் (வெள்ளவத்தை)

சமையல்கட்டு அண்ணா, மிக்க நன்றி. பழைய வைனும் கிளப் பெட்டியும் ஒன்றல்ல என்பதை நான் யோசிக்கவே இல்லை. கேட்டுப் பார்த்தேன்: ஆறில் மூன்று சிவப்பு. பழையது கிளப் பெட்டியில் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். அங்கத்தவருக்கு அதிலும் கழிவு உண்டாம்.

அக்காவிடமும் கதைத்தேன். "நீ சொன்னால் வாங்கி வைக்கிறேன்" என்றா. ஆனால் அத்தான் குடிப்பது நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும்தான். இரண்டு பெட்டி வந்து சேர்ந்தால் கார் விடும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்காரி

நிலாமுற்றம், நீங்கள் ஏன் வெளிநாட்டுக் கிளப்பைத் தேடுகிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. இங்கே ஒரு பெண் நல்ல வைன் வாங்குவது அவ்வளவு இலகுவல்ல. 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை போட்ட கடையில் கம்பிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சாராயமும் பியரும். வரிசையில் நின்றால் எல்லாக் கண்ணும் எங்கள் மேல். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979 விதியை 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிவிட்டார். 21 வயது தாண்டி, சொந்தச் சம்பளத்தில் ஒரு போத்தல் வாங்க இந்தப் பாடு. எனக்கு இது இன்னும் கோபம்தான்.

ஆனாலும் வழி இருக்கிறது. பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளின் மதுப் பிரிவில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அங்கே அவுஸ்திரேலிய, சிலி, தென்னாபிரிக்க வைன் இருக்கும். விலை உறைக்கும், ஏனென்றால் சுங்கத் தீர்வை, மதுவரி, அதற்கு மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). ஆனால் தேவைப்படும் அன்று ஒரு போத்தல் வாங்கலாம், யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. போயாவன்று (பௌர்ணமி விடுமுறை) மது விற்க மாட்டார்கள், முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

போத்தல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயில் படும் தட்டில் இருந்தால் எடுக்க வேண்டாம்.

நாங்கள் சில தோழிகள் சேர்ந்து மாதத்தில் ஒருநாள் ஒருவர் வீட்டில் சமைத்து, ஆளுக்கொரு போத்தல் கொண்டுபோய்ச் சுவைக்கிறோம். நாலைந்து வைனை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரிகிறது. ஒன்றை மட்டும் வருடம் முழுக்கக் குடிப்பதில் அது கிடைக்காது. வெள்ளவத்தையிலிருந்து வரலாம் என்றால் தனிச்செய்தி போடுங்கள்.

மெல்பேர்ண் யாழ்

எல்லோரும் வேண்டாம் என்கிறீர்கள். நான் யாரா பள்ளத்தாக்கில் ஒரு கிளப்பில் இருக்கிறேன், சந்தோசமாகவே இருக்கிறேன். கழிவை வைத்துக் கணக்குப் பார்த்தால் பற்றுவரவு அண்ணை சொன்னது சரி. ஆனால் கிளப்பில் நான் தேடுவது கழிவல்ல. சில நூறு போத்தல் மட்டும் செய்யும் வைன் கடைக்கு வராது, அங்கத்தவருக்குத்தான். அறுவடைக்குப் பிறகு போனால் தோட்டக்காரர் நேரே பீப்பாயிலிருந்து எடுத்துத் தருவார். இந்த வருடம் மழை எப்படி, எந்தத் துண்டுக் காணி நன்றாக விளைந்தது என்று கதைப்பார். என் மாமா வடமராட்சியில் தன் முந்திரிகைப் (திராட்சைப்) பந்தலைக் காட்டிக் கதைப்பது மாதிரியே இருக்கும். அந்த உறவுக்காகத்தான் கிளப்.

ஆனால் நான் ஒரு மணித்தியாலத்தில் போகிறேன். நிலாமுற்றம், நீங்கள் வருடத்தில் எத்தனை முறை சிட்னி போவீர்கள்? இலவசச் சுவைபார்ப்பும் விருந்தும் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. கிளப்பின் நல்ல பாதியை வேறு யாரோ அனுபவிக்க, நீங்கள் பெட்டிக்கு மட்டும் காசு கட்டுவீர்கள். அது எனக்கு மனதுக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்காபரோ சித்தி

பிள்ளை, ஒப்பமிட முன்னால் வெளியேறும் விதியைப் படியுங்கள். நயாகராப் பக்கம் நான் இருந்த ஒரு கிளப்பில் விலகுகிறேன் என்று மின்னஞ்சல் போட்டேன். எழுத்தில் 30 நாள் முன்னறிவித்தல், அதுவும் அவர்களுடைய படிவத்தில் வேண்டும் என்று சொல்லி அடுத்த பெட்டிக்கும் அட்டையில் காசு எடுத்துவிட்டார்கள். பல தடவை தொலைபேசி எடுத்த பிறகுதான் பாதி திரும்பி வந்தது. நான் கனடாவிலேயே இருந்ததால் அவ்வளவாவது முடிந்தது. கொழும்பிலிருந்து நேர வித்தியாசத்தோடு யாரோடு மல்லுக்கட்டுவீர்கள்?

கேட்க வேண்டியது: எந்தத் திகதிக்கு முன் சொன்னால் பெட்டி நிற்கும், ஒரு பெட்டியைத் தவிர்க்கலாமா, போத்தலை மாற்றித் தெரிவு செய்யலாமா, வருடம் முடிய தானாகவே புதுப்பிக்கப்படுமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஹரோ வாசி

இங்கே இங்கிலாந்தில் வைன் சொசைட்டி என்று ஒன்று, 1874-இல் தொடங்கியது. அது அங்கத்தவருக்கே சொந்தமான கூட்டுறவு. 40 பவுண் கொடுத்து ஒரு பங்கு வாங்கினால் வாழ்நாள் முழுக்க அங்கத்தவர். பெட்டி தானாக வராது, வேண்டும்போது வேண்டியதை வாங்கலாம். இது கொழும்புக்கு உதவாது என்று தெரியும். ஆனால் கிளப் என்றால் கட்டாயப் பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் தோட்டக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்: பெட்டி இல்லாமல், செய்தி மட்டும் அனுப்பும் பட்டியல் இருக்கும்.

மேற்குச்சிட்னி

இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பயணிகளுக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம். ஒரே வியாபாரப் பதிவு எண் உள்ள இடத்தில் மொத்தம் 300 டொலர் அல்லது அதற்கு மேல் வாங்கி, வாங்கி 60 நாளுக்குள் நீங்களே நாட்டைவிட்டு எடுத்துக்கொண்டு போனால், விமான நிலையத்தில் பொருள் சேவை வரியைத் திருப்பிக் கேட்கலாம். வைனுக்கு மட்டும் தனியாக உள்ள வைன் வரியும் திரும்பி வரும். பொருள் சேவை வரியாக விலையில் பதினொன்றில் ஒரு பங்கு, வைன் வரியாக விலையில் 14.5 சதவீதம்.

தோட்டத்திலேயே பழைய செமியோன் மூன்று போத்தல், தலா 100 டொலர் என்று வாங்கினீர்கள் என்று வையுங்கள். 300 டொலருக்கு கிட்டத்தட்ட 71 டொலர் திரும்பி வரும். கிளப்பின் 15 சதவீதத்தைவிட இது கூட. அங்கத்தவராகவும் இருக்க வேண்டியதில்லை.

பற்றுச்சீட்டு முறையானதாக, பதிவு எண்ணோடு இருக்க வேண்டும். போத்தல் கைப்பையில் போகாது, திரவம். ஆகவே பயணப்பொதியை ஒப்படைக்க முன்பே எல்லைப் படை அலுவலகத்தில் போத்தலைக் காட்டிப் பற்றுச்சீட்டில் முத்திரை வாங்க வேண்டும். பிறகு உள்ளே போய்த்தான் காசைக் கேட்பது. பலர் பொதியை அனுப்பிவிட்டு உள்ளே போய்த் திண்டாடுவார்கள். அப்புறம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆளுக்கு எவ்வளவு வைன் தீர்வையில்லாமல் விடுவார்கள் என்பதை, புறப்படும் கிழமை இலங்கைச் சுங்கத்தின் தளத்தில் பார்த்துவிட்டே எத்தனை போத்தல் என்று முடிவெடுங்கள்.

பற்றுவரவு (பம்பலப்பிட்டி)

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. கடனில்லை, கட்டாயமில்லை, விரும்பிய வைன் கையில். போத்தல் ஒன்று ஒன்றேகால் கிலோ அளவு வரும், பொதி நிறையை மட்டும் பாருங்கள்.

நிலாமுற்றம் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கிளப்பில் சேரவில்லை. நேற்று இரவு தோட்டத்துக்கு எழுதிவிட்டேன். நான் கொழும்பில் இருக்கிறேன், பெட்டி எடுக்க வழியில்லை, ஆனால் உங்கள் பழைய செமியோனை மறக்க முடியவில்லை, செய்திப் பட்டியலில் என்னைச் சேருங்கள், அடுத்த முறை வரும்போது நேரில் வந்து வாங்குகிறேன் என்று. இன்று காலையே பதில் வந்தது. கோபமே இல்லை. பழையதில் எந்தெந்த வருடத்தது மிச்சம் இருக்கிறது என்று பட்டியலும் அனுப்பியிருக்கிறார்கள். வருவதற்கு ஒரு கிழமை முன் சொன்னால் எடுத்து வைப்பார்களாம்.

அக்காவுக்குப் பெரிய நிம்மதி. குரலிலேயே தெரிந்தது.

கொட்டாஞ்சேனைக்காரி, தனிச்செய்தி போட்டிருக்கிறேன். நான் நண்டுக் கறி கொண்டு வருகிறேன். சமையல்கட்டு அண்ணா, சுப்பர் மார்க்கெட்டில் செமியோன் கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாக எதை எடுக்கலாம்?

சமையல்கட்டு (தெஹிவளை)

உலர்ந்த, அதாவது இனிப்பில்லாத, ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனை எடுங்கள். அவுஸ்திரேலியாவில் கிளேர் அல்லது ஈடன் பள்ளத்தாக்கு என்று லேபிளில் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நியூசிலாந்து சோவிக்னோன் பிளாங். நண்டில் உறைப்பு கூட என்றால் சற்று இனிப்புள்ள ரீஸ்லிங்கும் சரி. வாங்கியவுடன் பிரிட்ஜில், குறைந்தது மூன்று மணித்தியாலம். மேசைக்கு எடுத்து கொஞ்ச நேரம் விட்டு ஊற்றுங்கள், அதிகக் குளிரில் வாசம் வராது.